காத்திருப்பவர் யார்? இணையத் தொடர்பாடல் மிகைமை குறித்த ஒரு மூல ஆய்வின் மறுவாசிப்பு

மலேசியப் பல்கலைக்கழக மாணவரிடையே இணையத் தொடர்பாடல் மிகுந்திருப்பதற்குக் கூச்சம், தனிமை, தாழ்ந்த தன்மதிப்பு ஆகியவற்றையே முதற்காரணமாகக் காட்டும் ஓர் ஆய்வுமரபு வேரூன்றியுள்ளது. வினாநிரல் தரப்படுகிறது, மதிப்பெண் கூட்டப்படுகிறது, எல்லையைத் தாண்டியவர் அடிமைப்பட்டவர் ஆகிறார். சமூகக் காரணிகள் என்ற பெயரில் பாலினமும் குடும்ப வருமானமும் அட்டவணையின் ஓரத்தில் நிற்கின்றன. தஞ்சோங் மாலிமில் பயிலும் தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. அம்மரபு நம்பியிருக்கும் மூலத்தையே ஊன்றிப் படித்தாலும் அது இந்தப் பக்கமே சாய்கிறது.

அந்த மூலம், உளவியலாளர் கிம்பர்லி யங் 1996இல் டொரண்டோவில் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் வாசித்து, 1998இல் அச்சில் வந்த ஆய்வு. சூதாட்டக் கோளாற்றின் அளவைகளைத் தழுவிய எட்டு வினாக்கள். ஐந்துக்கு 'ஆம்' என்றவர் சார்புற்றவர். இவ்வகையில் 396 பேர் சார்புற்றோராகவும் 100 பேர் சார்பற்றோராகவும் பிரிக்கப்பட்டனர். முன்னவர் வாரத்துக்குச் சராசரி 38.5 மணி நேரமும் பின்னவர் 4.9 மணி நேரமும் இணையத்தில் இருந்தனர். பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப எடுத்தாள்வது இந்த இரு எண்களைத்தான். விளம்பரத்தைப் பார்த்தும், இணைய அடிமைத்தனம் என்று தாமே தேடியும் வந்தவர்கள் மாதிரியில் இருந்தனர் என்ற குறை பலரும் சொன்னது. அதில் நான் தங்கவில்லை.

நான் தங்க விரும்புவது அவ்வாய்வின் பயன்பாட்டு அட்டவணையில். சார்புற்றோர் எங்கே நேரம் செலவிட்டனர்? 35 விழுக்காடு அரட்டை அறைகளில். 28 விழுக்காடு பலர் கூடி ஆடும் எழுத்துவழி விளையாட்டுகளில். 13 விழுக்காடு மின்னஞ்சலில். வலைப்பக்கங்களைப் பார்த்தது வெறும் 7 விழுக்காடு. அதாவது, அவர்களைப் பிடித்து வைத்தது மறுமுனையில் பதில் சொன்ன மனிதர். இன்னொரு விவரம்: சார்புற்றோரில் 42 விழுக்காட்டினர் இல்லத்தரசியர், உடற்குறை உடையோர், ஓய்வுபெற்றோர், மாணவர் எனச் சம்பள வேலைக்கு வெளியே இருந்தவர்கள். இவர்களுக்குக் கையில் நேரம் அதிகம் என்று விளக்குவது எளிது. வேலைத்தலம் தரும் அன்றாட மனித உறவு இவர்களுக்குக் கிட்டவில்லை என்றும் படிக்கலாம். தரவு இரண்டுக்கும் இடம் தருகிறது. இரண்டாவதே கூடுதல் பொருத்தம் என எனக்குப் படுகிறது. நேரம் மட்டுமே காரணம் என்றால் அது வலைப்பக்கங்களிலும் கணிசமாகச் செலவாகியிருக்க வேண்டும்.

இதே ஆய்வாளர் 1998இல் தந்த இருபது வினா அளவுகோல், இந்தச் சமூக உள்ளடக்கத்தை உதறிவிட்டு மலேசியாவுக்கு வந்தது. வேறு வேலைக்கு முன் மின்னஞ்சலைத் திறக்கிறீர்களா என்பது அதன் வினாக்களில் ஒன்று. இணையத்தில் புதிய உறவுகளை ஏற்படுத்திக்கொள்கிறீர்களா என்பது மற்றொன்று. இரண்டும், மறுமுனையில் இருப்பவர் அந்நியர், அவரை நாடுவது கடமையிலிருந்து விலகுவது என்ற அனுமானத்தில் எழுந்தவை. 1990களின் அரட்டை அறைக்கு அது பொருந்தும்.

இன்று, தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக விடுதியில் ஒரு தமிழ் மாணவியின் கைத்தொலைபேசியில் இரவு பதினொரு மணிக்கு என்ன இருக்கும்? நாளைய வகுப்பு பழைய வளாகத்தில் இல்லை, புரோட்டோன் சிட்டி வளாகத்தில் என்று அறிவிக்கும் பாடப் புலனக் (வாட்ஸ்அப்) குழு. இடுபணியில் தன் பங்கை அனுப்பாதவரைப் பெயர் சொல்லிக் கேட்கும் இன்னொரு குழு. ஊரிலிருந்து அம்மாவின் "சாப்பிட்டியா?". மாமா பகிர்ந்த இறப்புச் செய்தி, அதன்கீழ் வரிசையாகக் கூப்பிய கைகள். அந்த வரிசையில் அவள் கை இல்லாவிட்டால் மறுநாள் பெரியம்மா அம்மாவிடம் கேட்பார்: "பெரிய படிப்பு படிச்சா சொந்தம் மறந்து போகுமா?" செய்தியைப் பார்த்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள், பதிலின்மையை அவமதிப்பாக்கிவிடுகின்றன. இவளிடம் இருபது வினாவைக் கொடுத்தால் மதிப்பெண் உயரத்தான் செய்யும்.

இக்கடமையின் கனம் எங்கிருந்து வந்தது? பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் சாவும் கல்யாணமும் லயத்து வீடுகளின் வரிசைக்குள்ளேயே தெரிந்துவிடும். அதிகாலைப் பெயரழைப்பான பெரட்டில் யார் வரவில்லை என்பது விடிவதற்குள் எல்லாருக்கும் தெரியும். பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற 1950, 60களின் தோட்டத் துண்டாடலும், பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் போனதும் அந்த வரிசையைக் கலைத்தன. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க அதனால் முடியவில்லை. ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிய உறவுக்கு இன்று குழுதான் கூடும் இடம். இதன்மேல் 18 மார்ச் 2020இல் தொடங்கிய கோவிட்-19 கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் வீட்டிலிருந்தே கற்றலும் வந்து, பள்ளியும் பல்கலைக்கழகமும் அதே கைத்தொலைபேசிக்குள் குடியேறின.

இன்றைய மாணவர் தோட்டத்தையே பார்த்திராதவர் என்பார்கள். உண்மை, ஆனால் குழுவை நடத்தும் அத்தையும் மாமாவும் பார்த்தவர்கள், அது போதும். ராபர்ட் கிராவுட் குழுவினர் 1998இல் பிட்ஸ்பர்க்கின் 73 குடும்பங்களில் 169 பேரை ஆராய்ந்து, இணையம் கூடக்கூடத் தனிமையும் சற்றுக் கூடியதாகக் கண்டதையும் எடுத்துக்காட்டுவர். அதே குழுவின் 2002ஆம் ஆண்டுத் தொடராய்வில் அவ்விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஏற்கெனவே உறவு வலுவாக இருந்தவர்கள் பயனடைந்தனர். தொடர்பாடலை நோயாகக் காணும் பார்வைக்கு நோய்ப் பட்டியலும் துணை நிற்கவில்லை: உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற அனைத்துலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு மின்னாட்டக் கோளாற்றைச் சேர்த்தது. தொடர்பாடலைத் தனிக் கோளாறாகச் சேர்க்கவில்லை.

தூக்கம் கெடுவதையும் படிப்பு பாழாவதையும் நான் மறுக்கவில்லை. அவ்விழப்பின் வேரை மாணவியின் மனத்தில் மட்டும் தேடுவதையே மறுக்கிறேன். இதற்கு நம் வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு: 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிக் கேட்டனர். குடியைத் தொழிலாளியின் குணக்கேடாகப் பார்த்தவர்களுக்கு நடுவே, கடையைத் திறந்து வைத்திருப்பவரை நோக்கி அவர்கள் விரல் நீட்டினர். நள்ளிரவில் குழுவுக்கு அறிவிப்பு அனுப்பும் நிறுவனங்களை நோக்கி நம் ஆய்வுகள் இன்னும் விரல் நீட்டவில்லை.

உளவியல் காரணிகளுக்கு இடமே இல்லை என்பதல்ல. முகம் பார்த்துப் பேச அஞ்சி, திரைவழிப் பேச்சையே பாதுகாப்பாக உணர்பவர் உண்டு. 2003இல் தொடர்பாடல் ஆய்வாளர் ஸ்காட் கேப்லன் விவரித்த மனநிலை அதுவே. அத்தகையவர் குழுவின் அழைப்புக்குப் பதில் சொல்ல வருபவரல்லர். அவர் பதிலுக்கு யாரும் காத்திருக்கவும் இல்லை. எத்தனை முறை என்பதை மட்டும் கூட்டும் அளவுகோலில் அவரும், உறவுக்குப் பதில் சொல்லியே களைத்தவளும் ஒரே மதிப்பெண் பெறுகிறார்கள்; விடுதி ஆலோசகரின் மேசைக்கு இருவரும் ஒரே தாளாக வந்து சேர்கிறார்கள். அளவுகோலைத் தமிழ் மாணவரிடம் கொண்டுசெல்வோர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: உரையாடலைத் தொடங்கியவர் யார், பதிலுக்குக் காத்திருப்பவர் யார், பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும். முதலாவதுக்கு 'நானே' என்றும் இரண்டாவதுக்கு 'யாருமில்லை' என்றும் எழுதுபவருக்கே ஆலோசகரின் நேரம் முதலில் உரியது.