கிறிஸ்தவர் பொங்கலாமா?

தைப்பொங்கலன்று வடக்கிலுள்ள பல கத்தோலிக்க ஆலய முற்றங்களில் பானை பொங்குகிறது. வேறு சில சபைகளோ அதை அஞ்ஞானச் சடங்கு என்று தம் மக்களைத் தடுக்கின்றன. செய்திக்காகப் போகும் ஊர்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

கேள்வி புதிதல்ல. கொரிந்தியருக்கு எழுதிய பவுல், சிலைகளுக்கான படையலில் பங்கெடுக்க வேண்டாம் என்றார். ஆனால் சந்தையில் விற்பதையும் விருந்தில் வைப்பதையும் விசாரிக்காமல் உண்ணலாம், பிறருக்கு இடறலானால் மட்டும் தவிர்க்கலாம் என்றார். 601இல் பாப்பரசர் முதலாம் கிரகோரியார், இங்கிலாந்து மக்களின் பழைய விழா விருந்துகளைக் கடவுளுக்கு நன்றி கூறும் விருந்துகளாக மாற்றுமாறு எழுதினார். மதுரையில் தத்துவபோதகர் டி நொபிலி பூணூலையும் சந்தனத்தையும் அனுமதித்த வழக்கு, 1623இல் உரோமையில் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

இவற்றில் நான் காணும் அளவுகோல் ஒன்றுதான்: நன்றி யாருக்கு? சூரியனுக்குப் படைப்பது வழிபாடு. விளைச்சலுக்காகத் தன் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பொங்குவது பண்பாடு.

2009இல் செட்டிகுளம் முகாம்களில் சைவரும் கிறிஸ்தவரும் ஒரே வரிசையில் நின்றே சோறு வாங்கினார்கள். அந்த உறவு அயல்வீட்டுப் பொங்கலில் முறியக்கூடாது. மனச்சாட்சி இடம்தராதவரை வற்புறுத்தவும் கூடாது; மறுப்பவர் அயலவரின் மனம் நோகாமல் மறுக்கட்டும்.