அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் போனா 'கைவிடப்பட்ட' சைக்கிள்: ஜப்பானின் பார்க்கிங் சட்டக் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்குது. ஜப்பானிய மொழியில் 'ஹோச்சி ஜிதென்ஷா'ன்னு ஒரு சொல் இருக்கு. ஜிதென்ஷான்னா சைக்கிள். ஹோச்சின்னா அப்படியே போட்டுட்டுப் போறது, கண்டுக்காம விடறது. சேர்த்துச் சொன்னா 'கைவிடப்பட்ட சைக்கிள்'.

இதைக் கேட்டதும் மனசுல என்ன படம் வருது? துருப்பிடிச்சு, டயர்ல காத்து இறங்கி, சீட்டு கிழிஞ்சு ஒரு ஓரமா கிடக்கற வண்டி. ஆனா ஜப்பான் சட்டத்துல இருக்கற அர்த்தம் வேற. சைக்கிள் நிறுத்துமிடம் அல்லாத ஓர் இடத்தில் வண்டி நிற்கிறது. ஓட்டி வந்தவர் அதைவிட்டு விலகிப் போயிருக்கிறார். உடனடியாக அதை நகர்த்தும் நிலையில் அவர் இல்லை. இவ்வளவு போதும், அது 'கைவிடப்பட்ட' சைக்கிள் ஆகிவிடும். எத்தனை நேரம் நின்றது என்ற கணக்கே அந்த வரையறையில் கிடையாது. நேத்து வாங்கின புது வண்டியா இருக்கலாம். பூட்டு போட்டிருக்கலாம். நீங்க எதிர்க்கடையில பால் வாங்கப் போயிருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு நீங்க அதைக் கைவிட்டுட்டீங்க.

ஒரு நாடு இவ்வளவு கறாரா ஒரு வரையறை எழுத வேண்டிய நிலைமைக்கு எப்படி வந்துச்சு? அதுதான் இன்னைக்குக் கதை. பார்க்க சைக்கிள் கதை மாதிரி இருக்கும். உள்ளே போனா, ஊர்ல இருக்கற கொஞ்சூண்டு இடத்துக்கு யார் பொறுப்புங்கற சண்டை.

வீட்டுல இருந்து ஸ்டேஷன் வரைக்கும்

1960கள், 70கள். ஜப்பானின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம். டோக்கியோ, ஒசாகா மாதிரி நகரங்கள்ல நிலத்தின் விலை எகிறிப் போச்சு. நடுத்தரக் குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்தன. வேலை நகரத்துக்குள்ள, வீடு வெளியில, நடுவுல ரயில். நம்ம தாம்பரம், செங்கல்பட்டு லைன்ல தினமும் வந்து போறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதுல ஒரு சின்ன இடைவெளி இருந்தது. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர். தினமும் ரெண்டு வேளை நடக்கறதுக்குக் கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் போனால் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்; ராத்திரி லேட்டாகிவிட்டால் பஸ்ஸே இருக்காது. அப்போ கைகொடுத்தது சைக்கிள். 1973ல் பெட்ரோல் நெருக்கடி வந்தப்போ சைக்கிளோட மவுசு இன்னும் கூடிச்சு. முன்னாடி கூடை, பின்னாடி குழந்தைக்கு ஒரு சீட்டுன்னு 'மாமாசாரி' சைக்கிள்கள் வீட்டுக்கு வீடு வந்தன. பேரே அம்மாக்களோட சைக்கிள்ங்கற அர்த்தத்துலதான்.

அதே சமயத்துல சாலைகள் உயிரைக் குடிச்சுக்கிட்டிருந்தன. 1970ஆம் ஆண்டில் மட்டும் ஜப்பானில் சாலை விபத்துகளில் 16,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கார்களிடமிருந்து சைக்கிள் ஓட்டிகளைக் காப்பாத்தணும்னு, அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட நடைபாதைகளில் சைக்கிள் ஓட்ட அனுமதித்தது அரசு. நல்ல நோக்கம்தான். ஆனா நடைபாதை மேல ஓடற சைக்கிள், நிற்கவும் நடைபாதை மேலதானே நிக்கும்?

காலையில ஏழு மணியில இருந்து ஸ்டேஷன் வாசல்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா சைக்கிள் வந்து நிக்கும். ரயிலைப் பிடிக்கற அவசரத்துல ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் சொருகிட்டு ஓடுவார். எட்டரை மணிக்கு மேல நடைபாதையே தெரியாது. தீயணைப்பு வண்டி நுழைய வழியிருக்காது. கடைக்காரர் ஷட்டர் திறந்தா வாசல்ல சைக்கிள் சுவர்.

பத்திரிகைகள் இதுக்கு ஒரு பேர் வெச்சன: 'கின்ரின் கோகாய்'. கின்ரின்னா வெள்ளிச் சக்கரம். கோகாய்னா மாசு. இந்த 'கோகாய்' சாதாரண வார்த்தை இல்லை. மினமாட்டாவில் பாதரசக் கழிவால் மக்கள் முடங்கிப்போனதற்கும், ஆலைப் புகையால் ஊரே மூச்சுத்திணறியதற்கும் பயன்படுத்திய அதே சொல். புகையே விடாத ஒரு வண்டிக்கு அந்தப் பேர் கிடைச்சதுன்னா, ஜனங்க எவ்வளவு கடுப்புல இருந்திருப்பாங்கன்னு பாருங்க.

மஞ்சள் பட்டை மேல நின்ன சைக்கிள்

இந்த நெரிசல்ல ரொம்ப அடிபட்டது யாருன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நம்ம சென்னை மெட்ரோ ஸ்டேஷன் தரையில மஞ்சள் கலர்ல, புடைப்பா கோடும் புள்ளியுமா ஒரு பட்டை போகுமே, கவனிச்சிருக்கீங்களா? பார்வை இல்லாதவங்க காலாலயும் கைத்தடியாலயும் தடவி வழி கண்டுபிடிக்கறதுக்கானது அது. அந்தப் பட்டையோட பூர்வீகம் ஜப்பான்தான். செய்ச்சி மியாகே என்பவர் உருவாக்கிய அந்தத் தரைக்கற்கள், 1967ல் ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பிறகு ரயில் நிலையங்களுக்கும் நடைபாதைகளுக்கும் பரவின.

சைக்கிள்கள் வந்து நின்றது அந்தப் பட்டைகளின் மேலும்தான். கைத்தடியோட, பட்டையை நம்பி நடந்து வர்றவருக்கு திடீர்னு முன்னாடி ஹேண்டில்பார். ஒண்ணு மேல இடிச்சா வரிசையா பத்து வண்டி சரியும். 'அஞ்சு நிமிஷம்தானே நிறுத்தினேன்'ங்கறது சைக்கிள்காரரோட கணக்கு. அந்த அஞ்சு நிமிஷத்துல அந்த வழியா வர்ற ஒருத்தருக்குப் பாதையே இல்லாமப் போகுது. சட்ட வரையறையில் நேரக் கணக்கு ஏன் இல்லைங்கறது இப்போ கொஞ்சம் புரியுது, இல்லையா?

எடுத்துட்டுப் போகலாமா, கூடாதா?

'சரி, நகராட்சி லாரி வெச்சு அள்ளிட்டுப் போகவேண்டியதுதானே?'ன்னு கேக்கலாம். அவ்வளவு சுலபமா இல்லை. சைக்கிள் ஒருத்தரோட சொத்து. எடுத்து வெச்ச இடத்துல அது தொலைஞ்சா யார் பொறுப்பு? மாசக் கணக்குல யாரும் வரலைன்னா அதை விக்கலாமா, உடைச்சுப் போடலாமா? இதுக்கெல்லாம் தெளிவான பதில் உள்ளாட்சிகளிடம் இல்லை.

1980ல் ஜப்பான் நாடாளுமன்றம் சைக்கிளுக்கென்று ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அதுல கவனிக்க வேண்டிய விஷயம், சட்டம் சைக்கிள்காரரை மட்டும் பார்த்துப் பேசலை. சைக்கிள் அதிகம் வருகிற இடத்தில் நிறுத்துமிடம் அமைக்க உள்ளாட்சிகளும் சாலை நிர்வாகங்களும் முயல வேண்டும். அதற்கு நிலம் கேட்டால் ரயில் நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும். கூட்டம் வருகிற பெரிய கடைகள் புதிதாகக் கட்டும்போது சைக்கிளுக்கு இடம் விட வேண்டும் என்று உள்ளூர் விதி போடலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்ட இடத்தில் நிற்கிற சைக்கிளை அகற்றுவதைப் பற்றியும் சொன்னது.

மறுவருஷம், 1981ல் நாடு முழுக்க ரயில் நிலையங்களைச் சுற்றிக் கணக்கெடுத்தாங்க. 'கைவிடப்பட்ட' சைக்கிள்கள் ஏறக்குறைய 10 லட்சம்!

சட்டத்துக்கு உண்மையான பல்லு முளைச்சது 1993ல் செய்த திருத்தத்தில்தான். அகற்றுவது, பாதுகாப்பது, செலவை வசூலிப்பது, வராத வண்டியை விற்பது என எல்லாவற்றுக்கும் உள்ளாட்சிகளுக்குத் தெளிவான அதிகாரம் கிடைத்தது. அறிவிப்பு வெளியான 6 மாதத்துக்குள் உரியவரிடம் வண்டியைச் சேர்க்க முடியாவிட்டால், அது உள்ளாட்சிக்கே சொந்தம். ஒவ்வொரு சைக்கிளையும் உரிமையாளர் பேரில் பதிவு செய்து எண் ஒட்டுவதும் கட்டாயமானது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஊருக்கு ஊர் விதி மாறும், ஆனா பொதுவா இப்படித்தான். ஸ்டேஷனைச் சுத்தி ஒரு எல்லை வரைஞ்சு, 'இங்கே நிறுத்தக் கூடாது'ன்னு பலகை வெப்பாங்க. ஒருத்தர் வந்து ஹேண்டில்பார்ல எச்சரிக்கைச் சீட்டைக் கட்டிட்டுப் போவார். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்வது பணி ஓய்வு பெற்ற முதியவர்கள். அப்புறம் லாரி வரும். வண்டி ஊருக்கு வெளியில ஒரு கிடங்குக்குப் போயிடும். அடையாள அட்டை, சாவி எல்லாம் எடுத்துக்கிட்டு அங்கே போய், பெரும்பாலும் 2,000 முதல் 5,000 யென் வரை கட்டி மீட்கணும். பழைய வண்டின்னா, 'அதுக்குப் புதுசே வாங்கிடலாம்'னு விட்டுடறவங்களும் உண்டு. அப்படி யாரும் கேட்டு வராத வண்டிகளில் ஒரு பகுதியைப் பழுது பார்த்து, 1980களின் இறுதியிலிருந்து சில உள்ளாட்சிகள் சேர்ந்து வளரும் நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களுக்கு அனுப்பிவைத்தன.

ஒரு பயணிக்கு 1 யென் கூட இல்லை

ஆனா லாரியும் கிடங்கும் இலவசமா வராது. இங்கதான் கதையோட முக்கியமான சண்டை.

டோக்கியோவில் தொஷிமா என்று ஒரு வார்டு. உலகத்தின் மிகப் பரபரப்பான ரயில் நிலையங்களில் ஒன்றான இகெபுகுரோ அங்கேதான் இருக்கு. ஜப்பானிலேயே மக்கள் நெருக்கம் மிக அதிகமான பகுதிகளில் ஒன்று. ஒரு கையளவு நிலமும் தங்க விலை. தினமும் சைக்கிளை அள்ளற செலவு வார்டு நிர்வாகத்தின் தலையில். அவங்க கேட்ட கேள்வி நேரடியானது: இந்தச் சைக்கிள்களில் வருகிறவர்கள் யாருடைய பயணிகள்? ரயில் நிறுவனங்கள் டிக்கெட் காசை வாங்கிக்கொள்கின்றன. பயணி விட்டுவிட்டுப் போகும் சைக்கிளை மட்டும் ஊர் வரிப்பணத்தில் அள்ள வேண்டுமா?

2003 டிசம்பரில் தொஷிமா வார்டு மன்றம் ஒரு புதுவிதமான வரியை நிறைவேற்றியது. வார்டில் உள்ள நிலையங்களில் ஏறும் ஒவ்வொரு 1,000 பயணிகளுக்கும் 740 யென் வீதம் ரயில் நிறுவனங்கள் கட்ட வேண்டும். ஒரு பயணிக்குக் கணக்குப் போட்டா முக்கால் யென். 1 யென் கூட இல்லை.

ரயில் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. ஸ்டேஷன் வாசல்ல நிக்கற சைக்கிள் எல்லாம் ரயில் பயணிகளோடதுதானா? கடைக்கு வந்தவங்க, சினிமாவுக்கு வந்தவங்க வண்டியும் அதில் இருக்குமே? விதியை மீறுகிறவர் ஒருவர், வரி கட்டுகிறவர் இன்னொருவரா?

2004 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அந்த வரிக்கு ஒப்புதல் கொடுத்தார். ஆனால் 2006ல் வார்டே அந்த வரியை ரத்து செய்துவிட்டது. தோல்வியா? பார்க்கிற விதத்தைப் பொறுத்தது. நிறுத்துமிடம் அமைப்பதில் ஒத்துழைக்க ரயில் நிறுவனங்கள் முன்வந்தன. அதனால்தான் வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. தொஷிமாவுக்குக் காசைவிட இடம்தான் அவசரத் தேவையா இருந்துச்சு.

பூமிக்கு அடியில் 9,400 வண்டி

இந்த மாதிரி இழுபறிகளுக்கு நடுவுல நிறுத்துமிடங்கள் பெருகிக்கிட்டே போச்சு. மாடிக் கட்டடமா, மேம்பாலத்துக்கு அடியில, தரைக்குக் கீழேன்னு கிடைச்ச மூலையிலெல்லாம். 2008ல் டோக்கியோவின் எதோகாவா வார்டு, கசாய் நிலையத்துக்கு அடியில் சுமார் 9,400 சைக்கிள்களுக்கான நிறுத்துமிடத்தைத் திறந்தது. அதில் பெரும் பகுதி இயந்திரம். வாசல்ல வண்டியை வெச்சா ஒரு கதவு திறந்து உள்ளே இழுத்துக்கும். திரும்பி வந்து அட்டையைக் காட்டினா அரை நிமிஷத்துக்குள்ள வண்டி வெளியில.

நாடு முழுக்க ஸ்டேஷன் பக்கத்தில் 1981ல் ஏறக்குறைய 10 லட்சமாக இருந்த 'கைவிடப்பட்ட' சைக்கிள்கள், 2021 கணக்கெடுப்பில் 50,000க்கும் கீழே வந்துவிட்டன. ஜப்பானியர்கள் ஒழுக்கமானவர்கள், அதனால் சரியாகிவிட்டதுன்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா அந்த 10 லட்சம் வண்டியை நிறுத்தினதும் அதே ஜப்பானியர்கள்தானே? இந்த நாற்பது வருஷத்துல மாறினது அவங்களோட குணம்னு எனக்குத் தோணலை. வண்டியை விட ஒரு இடம் வந்தது, இடம் இருந்தும் வெளியில விட்டா லாரி வந்தது. ரெண்டும் சேர்ந்துதான் வேலை செஞ்சுது.

அந்த வரையறையை இன்னொரு தடவை பாருங்க. 'நிறுத்துமிடம் அல்லாத இடத்தில்' நிற்கிற சைக்கிள். அப்படின்னா, நிறுத்துமிடமே இல்லாத ஊர்ல எல்லா சைக்கிளும் கைவிடப்பட்டதுதான், எல்லாரும் குற்றவாளிதான். ஒரு நிறுத்துமிடம் கட்டின பிறகுதான் அந்த விதி நியாயமான விதியா மாறுது. பலகை வைக்க ஒரு நாள் போதும். இடம் கொடுக்கத்தான் பல வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது.

அடுத்த தடவை ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசல்ல 'நோ பார்க்கிங்' பலகையையும், அதுக்குக் கீழேயே வரிசையா நிக்கற வண்டிகளையும் பார்த்தீங்கன்னா, ஓட்டி வந்தவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சுத்திப் பாருங்க. எங்கே நிறுத்தணும்னு அங்கே எங்கேயாவது எழுதியிருக்கா? எழுதியிருந்தும் நடைபாதையில நிறுத்தியிருந்தாங்கன்னா, தாராளமா திட்டலாம்.