சைக்கிள் பையின் கதை: சுமையை யார் தூக்குவது?

சைக்கிளில் தினமும் கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்கு ஒரு கேள்வி தீரவே தீராது. புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு... இதையெல்லாம் எங்கே வைப்பது? முதுகில் மாட்டுவதா, முன்னால் கூடை போடுவதா, பின்னால் கேரியரில் கட்டுவதா? கடைக்காரரைக் கேட்டால் கடையில் இருப்பதைக் காட்டுவார். வரலாற்றைக் கேட்டால் அது திருப்பி ஒரு கேள்வி கேட்கும்: "உன் வேலை என்ன, அதை முதலில் சொல்!"

ஏனென்றால் சைக்கிள் பைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்காகப் பிறந்தவை. எந்த வேலைக்குப் பிறந்தது என்று தெரியாமல் வாங்கினால் முதுகுதான் வட்டி கட்டும்.

கழுதையிடமிருந்து கற்றது

சைக்கிளின் இரு பக்கமும் தொங்கும் பைக்கு ஆங்கிலத்தில் 'பானியர்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'பானியே' என்றால் கூடை. அதற்கும் மூலம் லத்தீன், அங்கே அந்தச் சொல்லுக்கு ரொட்டிக் கூடை என்று பொருள். கழுதையின் முதுகில் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்ட கூடைகளுக்கு முதலில் இந்தப் பெயர் இருந்தது. நம் ஊரில் பொதி ஏற்றுவது என்பார்களே, அதேதான். எடை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், முடிந்தவரை கீழே இருக்க வேண்டும். பொதி ஏற்றியவர்களுக்குத் தெரிந்திருந்த இந்த இரண்டு விதிகளையும் சைக்கிள் உலகம் பிறகு கற்றுக்கொண்டது.

1870களின் சைக்கிளில் அதற்கு வழியே இல்லை. முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தட்டு அளவு. ஓட்டுபவர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். முன்னால் கொஞ்சம் எடை கூடினாலும், சின்னக் கல் தடுக்கினாலும், தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

இந்த வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பினார். 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். நடுவில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டு வெயிலிலும் மிதித்தார். ஹேண்டில்பாரில் கட்டிய சின்னப் பையில் அவர் எடுத்துச் சென்றது காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படும் மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. அவ்வளவுதான்! வண்டி எவ்வளவு தாங்குமோ அதற்கேற்றபடி சாமானைக் குறைத்துக்கொண்டார்.

அவர் கிளம்பிய அதே 1884இல், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் கேம்டனைச் சேர்ந்த ஜான் பி. வுட், சைக்கிளுக்கென்றே செய்த பக்கப்பைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் தாத்தா அது. சங்கிலியால் பின்சக்கரம் ஓடியதால் முன்சக்கரம் பெரிதாக இருக்கத் தேவையில்லாமல் போனது. இருக்கையும் கீழே இறங்கியது. சாமான் வைக்க ஓர் இடமும் கிடைத்தது.

கூடையின் ரகசியம்

முன்கூடையைப் பிரபலமாக்கியவர்களில் கடைப்பையன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் கறிக்கடை, ரொட்டிக்கடை, மளிகைக்கடை எல்லாம் வீட்டுக்கே சாமான் அனுப்பின. அதற்கென்றே செய்த வண்டிகளில் முன்சக்கரம் மட்டும் சின்னதாக இருக்கும், அதன்மேல் பெரிய பிரம்புக் கூடை உட்காரும். ஃபிரேமின் நடுவில் கடையின் பெயர்ப்பலகை. ஓசி விளம்பரம்!

இதில் ஒரு நுட்பம் உண்டு. கூடையின் தாங்கி ஹேண்டில்பாரோடு சேர்ந்திருக்காது, ஃபிரேமோடு சேர்ந்திருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்பும், கூடை நேராகவே நிற்கும். சாதாரணக் கூடையோ ஹேண்டில்பாரில் தொங்கும். கனமாக எதையாவது போட்டால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுப்பதும், ஸ்டாண்டு போட்டவுடன் முன்சக்கரம் மடங்கிக்கொள்வதும் அதனால்தான். கடைப்பையன் வண்டியில் அந்தத் தொல்லையைக் குறைத்துவிட்டார்கள். அதே நேரம் சாமான் கண்முன்னே இருக்கும், வாசலில் நிறுத்தியதும் எடுத்துக் கொடுக்கலாம்.

நெசவு ஊரின் பை

1932இல் லங்காஷயரின் நெல்சன் என்ற நெசவு ஊரில் வில்ஃப் காரடைஸ் என்பவர், கடையில் கிடைத்த பைகள் பிடிக்காமல், தானே சைக்கிள் பை தைக்கத் தொடங்கினார். இருக்கைக்குப் பின்னால் தொங்கும் பை அது. துணி, நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தி. பருத்தி இழை நனைந்தால் உப்பிக்கொள்ளும். அப்போது இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் அடைபட்டு மழை உள்ளே இறங்காமல் தடுக்கும். வாரக்கடைசியில் ஊர் சுற்றக் கிளம்பும் சைக்கிள்காரருக்கு ஒரு மாற்று உடையும் கொஞ்சம் சாப்பாடும் கொள்ள இது போதும்.

சைக்கிள் ஜெயித்த போர்

சுமை தூக்கும் சைக்கிளின் உச்சம் 1954இல் வியட்நாமில் வந்தது. தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மலை, காடு. இவ்வளவு தூரம் எதிரியால் அரிசியும் வெடிமருந்தும் கொண்டுவரவே முடியாது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

வியட்நாமியர்களிடம் லாரிகள் இருந்தன. கூடவே ஆயிரக்கணக்கில் சைக்கிள்களும் இருந்தன. அவற்றில் பல பிரெஞ்சுத் தயாரிப்பு! ஃபிரேமை மரத்தாலும் இரும்பாலும் பலப்படுத்தினார்கள். ஹேண்டில்பாரில் ஒரு நீளமான மூங்கிலைக் கட்டினார்கள், பக்கத்தில் நடந்துகொண்டே திருப்புவதற்கு. இருக்கைக்குப் பின்னால் இன்னொரு கழி, தள்ளுவதற்கு. அதை யாரும் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றினார்கள்.

இங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். தோளில் தூக்குகிறவரால் ஓரளவுதான் தூக்க முடியும். பல வார நடையில் அதில் பெரும்பகுதியை அவரே சாப்பிட்டாக வேண்டும். போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான். அதே ஆள் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு 200 கிலோ தள்ளினால்? போய்ச் சேரும் சரக்கு பல மடங்கு! மார்ச் 13இல் தொடங்கிய முற்றுகை மே 7இல் பிரெஞ்சுப் படையின் தோல்வியில் முடிந்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சியும் அதோடு முடிவுக்கு வந்தது.

முதுகில் ஏறிய பை

அப்படியானால் நியூயார்க்கின் சைக்கிள் தூதர்கள் மட்டும் ஏன் முதுகில் பை மாட்டினார்கள்? அவர்கள் வேலை அப்படி. ஒரு நாளில் பல கட்டிடங்களில் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கேரியரில் கட்டி அவிழ்க்க நேரம் கிடையாது, வண்டியோடு விட்டுப் போனால் ஆவணம் திருட்டுப் போகும். ஒரே வாரில் தொங்கும் பையைக் கழற்றாமலே முன்னால் இழுத்து, மூடியைத் தூக்கிக் கடிதத்தை எடுத்துவிடலாம். 1989இல் சான்பிரான்சிஸ்கோவில் ராப் ஹனிகட் என்ற தூதர் தைக்கத் தொடங்கியதுதான் பிறகு 'டிம்பக்டூ' நிறுவனம் ஆனது.

ஃபேக்ஸும் மின்னஞ்சலும் வந்து தூதர் வேலை குறைந்தது. பை மட்டும் கல்லூரிகளுக்குள் நாகரிகமாக நுழைந்தது. ஒரே கட்டிடத்தில் நாள் முழுக்க உட்காரும் மாணவருக்கு இருபது கட்டிடம் ஏறுகிறவரின் பை! வியர்வையும் ஒரு பக்கத் தோள்வலியும் இலவச இணைப்பு.

கிட்டத்தட்ட இதே காலத்தில் ஜெர்மனியின் ஹார்ட்முட் ஓர்ட்லீப் மழையில் நனைந்தபடி இங்கிலாந்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பைக்குள் எல்லாம் ஈரம். பக்கத்தில் போன லாரிகளில் தார்ப்பாய்க்குக் கீழே சரக்கு காய்ந்தே இருந்தது. வீடு திரும்பி அம்மாவின் தையல் மெஷினில் லாரித் தார்ப்பாயில் பக்கப்பை தைத்தார். 1982இல் நிறுவனம் பிறந்தது. ஊசி போட்ட ஓட்டைவழி தண்ணீர் இறங்குவதால் பிறகு தைப்பதை விட்டுவிட்டு ஓரங்களை உருக்கி ஒட்டினார்கள். வாயை ஜிப் வைக்காமல் சுருட்டி மூடினார்கள்.

கணக்கு முடிக்கும்போது

எந்தப் பையும் எடையைக் குறைப்பதில்லை, அதை யார் தூக்குவது என்பதை மட்டும் மாற்றுகிறது. அடிக்கடி இறங்கி ஏறுகிறவருக்கு முதுகுப்பை நியாயம். கீரைக்கட்டு, பழம் வாங்கி வருகிறவருக்குக் கூடை. தினமும் ஒரே இடத்துக்குக் கனமான புத்தகங்களோடு போகிறவருக்குக் கேரியரும் பக்கப்பையும்தான். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்து, இடித்தால் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும்.

பையின் விலை ஒருமுறைதான். முதுகு கொடுக்கும் விலை தினமும். மூங்கிலும் கயிறும் வைத்து 200 கிலோவை வண்டி தலையில் கட்ட முடிந்ததென்றால், நாலு புத்தகத்தை முதுகிலிருந்து இறக்குவதா கஷ்டம்?