பௌர்ணமிக்கு திருவக்கரை போறீங்களா? காரில் கூலன்ட் இருக்கா? வீட்டிலேயே மாற்றுவது எப்படி? முழு விவரம்

கோடை வெயில் தொடங்கிவிட்டாலே நெடுஞ்சாலை ஓரங்களில் பானெட்டைத் தூக்கி வைத்தபடி நிற்கும் கார்களை அதிகம் பார்க்க முடிகிறது. அதிலும் சித்திரை பௌர்ணமி, அக்னி நட்சத்திரம் என அடுத்தடுத்து வரும் நாட்களில் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்கு கார் எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் ஏராளம். டயரில் காற்று பார்ப்போம், டேங்கில் பெட்ரோல் பார்ப்போம். ஆனால் கூலன்ட்? பலரும் அந்த மூடியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். கூலன்ட் என்றால் என்ன, வீட்டிலேயே அதை எப்படி மாற்றுவது, வழியில் இன்ஜின் சூடானால் என்ன செய்வது என்பதை இந்த தொகுப்பில் விரிவாகப் பார்க்கலாம்.

திருவக்கரை ரூட்டில் ஏன் கார் சூடாகிறது?

சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கி.மீ. இந்த தூரம் முழுக்க கார் நல்ல வேகத்தில் போகும். முன்பக்க கிரில் வழியாக எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதிக்கொண்டே இருப்பதால் இன்ஜின் சூடு தானாகத் தணிந்துவிடும். பிரச்னை அதற்குப் பிறகுதான். திண்டிவனம் தாண்டி புதுச்சேரி சாலையில் திரும்பி, உள்ளே கிராமச் சாலையைப் பிடித்ததும் பௌர்ணமி கூட்டம் வண்டியை ஊர்ந்துபோக வைக்கும். ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஏசி முழு வேகத்தில் ஓடும், எதிர்க்காற்று சுத்தமாக இருக்காது. அந்த நேரத்தில் ரேடியேட்டரைக் காப்பாற்றுவது அதன் பின்னால் இருக்கும் சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் மட்டும்தான்.

இன்னொரு விஷயம், தூசி. திருவக்கரை என்றதும் கோயிலும் 2 கோடி ஆண்டுகள் பழமையான கல்மரப் பூங்காவும் நமக்கு ஞாபகம் வரும். அந்தப் பகுதியில் ஓடும் லாரிகளைக் கேட்டால் கல்குவாரியும் கிரஷரும்தான் ஞாபகம் வரும் என்பார்கள். அந்த ஜல்லித் தூசி ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே போய் அடைத்துக்கொண்டால் கூலன்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சூடு வெளியேறாது. பூஜை போட்ட கையோடு கிரில் முழுக்க மாலையும் வேப்பிலையும் கட்டிவிட்டு வருபவர்களுக்கும் இதே கதைதான். மாலை போடுங்க, ஆனா காத்து போற வழியை விட்டுட்டு போடுங்க.

"ஐயா, மூடியில கை வைக்காதீங்க!"

கடந்த சித்திரை பௌர்ணமிக்கு பெரியப்பாவோட பழைய காரில் நாங்களும் இதே ரூட்டில்தான் போனோம். கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. திடீரென ஏசியில் சூடான காற்று வர ஆரம்பித்தது. அதைத் தொடர்ந்து டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் தெர்மாமீட்டர் படம். பெரியப்பா ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, "தம்பி, அந்த துண்டை எடு" என்று சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் மூடி மேல் கையை வைத்துவிட்டார். பின்னால் வந்த ஜல்லி லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் அண்ணன் ஒருவர் ஓடி வந்து, "ஐயா, மூடியில கை வைக்காதீங்க! மூஞ்சி வெந்துடும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு நொடி தாமதித்திருந்தால் அன்றைக்கு கோயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம்.

அவர் ஏன் அப்படிப் பதறினார்? ரேடியேட்டர் என்பது கிட்டத்தட்ட நம்ம வீட்டு பிரஷர் குக்கர். சாதாரணமாக தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி போட்டு சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 129 டிகிரி வரைக்கும் தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடும். உள்ளே 115 டிகிரியில் இருக்கும் திரவம் சட்டெனக் கொதித்து, ஆவியோடு பீறிட்டு மேலே அடிக்கும். விசில் வந்த குக்கரை யாராவது உடனே திறப்போமா?

கூலன்ட் என்பது வெறும் கலர் தண்ணியா?

இல்லை. எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம், சுத்தமான தண்ணீர், துருப்பிடிப்பதைத் தடுக்கும் சேர்மானங்கள், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கூலன்ட். சூட்டை ஏந்திச் செல்லும் திறன் உண்மையில் வெறும் தண்ணீருக்குத்தான் அதிகம். அப்புறம் ஏன் தண்ணீர் கூடாது என்கிறார்கள்? தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். திண்டிவனம், வானூர் பக்கம் போர் தண்ணியில் குளித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். எங்கள் பெரியப்பா காருக்கும் இதுதான் நடந்தது. கூலன்ட் குறைந்த ஒவ்வொரு முறையும் வீட்டு போர் தண்ணியை ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

நம்ம ஊரில் தண்ணீர் உறைந்துபோகும் பிரச்னை கிடையாது. அதனால் கூலன்டை ரொம்ப நீர்க்க வைத்துக்கொள்ளலாம் என நினைப்பது தவறு. பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் துரு தடுப்பு சரியாக வேலை செய்யாது. அதே நேரம் தண்ணீரே சேர்க்காமல் முழுக்க கிளைக்கால் ஊற்றினாலும் தப்பு, சூடு சரியாகக் கடத்தப்படாது.

பச்சையா, சிவப்பா, நீலமா? எதை வாங்குவது?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் என்பது கம்பெனிகள் சேர்க்கும் சாயம், அதற்கு பொதுவான விதி கிடையாது. காரின் மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கும். அதையும், பாட்டிலில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 போன்ற தர எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒத்துவராத இரண்டு வகைகளைக் கலந்தால் சேர்மானங்கள் ஒன்றையொன்று கெடுக்கும். சில சமயம் கூழ் மாதிரி கெட்டியாகி குழாயை அடைத்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதும் வகையைப் பொறுத்தது. பழைய வகை 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. வரை வரும், நீண்ட ஆயுள் கொண்டவை 5 ஆண்டு வரைகூட வரும். இதிலும் மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

"ரெடி டு யூஸ்" என்று எழுதியிருந்தால் தண்ணீர் கலந்தே வருகிறது, அப்படியே ஊற்றலாம். "கான்சன்ட்ரேட்" என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். பேட்டரி கடையில் கிடைக்கும்.

வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

முதலில் யார் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை முயற்சிக்கவே வேண்டாம். சில புதிய கார்களில் காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவி இல்லாமல் கூலன்ட் நிரப்ப முடியாது, அவற்றையும் விட்டுவிடுங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றவர்கள், காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின்தான் பாதுகாப்பான இன்ஜின். சமமான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு செங்கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

ரேடியேட்டர் மூடியை ஒரு துணி போட்டு மெதுவாகத் திறக்கவும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடி இருக்காது, பிளாஸ்டிக் டேங்கில்தான் இருக்கும். கீழே அகலமான ஒரு டப்பை வைத்துவிட்டு, ரேடியேட்டரின் அடிமூலையில் இருக்கும் டிரெயின் திருகைத் தளர்த்துங்கள். திருகு இல்லாத வண்டி என்றால் கீழ் ஹோஸின் கிளிப்பை பிளையரால் நகர்த்திக் கழற்ற வேண்டும். வெளியே வரும் கூலன்ட் நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால் நல்ல செய்தி. செம்மண் தண்ணி போல வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

துரு இருந்தால் கழுவ வேண்டும். திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மூடியைப் போட்டு, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, கீழ் ஹோஸ் சூடாகும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். அணைத்து, நன்றாக ஆறிய பிறகு வடித்துவிடுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஆற வேண்டும், அதனால் இது ஒரு முழு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சமைக்கிற நேரத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்பாதீர்கள்.

பலரும் கோட்டைவிடும் கணக்கு

வடித்தாலும் முழுசாக வெளியே வராது. இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தங்கிவிடும். உதாரணமாக, உங்கள் காரின் மொத்த கொள்ளளவு 5 லிட்டர், வடித்தது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுவியதால் உள்ளே 2 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடி கூலன்ட் 3 லிட்டர் ஊற்றினால், அதில் இருக்கும் கிளைக்கால் 1.5 லிட்டர்தான். மொத்தம் 5 லிட்டரில் அது 30 சதவீதம். புது கூலன்ட் ஊற்றியும் நீர்த்துப்போச்சு! கழுவியவர்கள் கான்சன்ட்ரேட் 2.5 லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால்தான் சரியாக 50 சதவீதம் வரும். கழுவாமல் வெறுமனே வடித்து நிரப்புபவர்களுக்கு, அதே வகை ரெடி கூலன்டே போதும்.

காற்று அடைத்தால் ஆபத்து

மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். காற்று மாட்டிய இடத்தில் கூலன்ட் போகாது, புது கூலன்ட் ஊற்றிய மறுநாளே வண்டி சூடாவதற்கு இதுதான் முக்கிய காரணம். நிரப்பிய பிறகு மேல் ஹோஸை கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழ் வெளியேறும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடவும். பிறகு ஹீட்டரை முழு சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைப்பதா வேண்டாமா என்பதை மட்டும் மேனுவலில் பார்த்துச் செய்யுங்கள். திறந்து வைப்பதாக இருந்தால் முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும் வரை, ஒன்றிரண்டு சுற்று, காத்திருங்கள். இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஆறியதும் ரிசர்வ் டேங்கில் மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு நடுவே நிரப்பி மூடவும். அடுத்த சில நாட்கள் காலையில் அளவு பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பழைய கூலன்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் லேசாக இனிக்கும், அதுதான் ஆபத்தே. தெருநாயும் பூனையும் நக்கிவிடும். குழந்தைகள் குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் உயிரிழந்த இருமல் மருந்து விவகாரத்தில் பேசப்பட்ட டைஎத்திலீன் கிளைக்காலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குடிதண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கூலன்ட் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வழியில் சூடானால்?

இப்போது பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். நீல விளக்கு எரிந்தால் இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது, பயப்பட வேண்டாம். சிவப்பு எரிந்தால் 'இன்னும் 2 கி.மீ. தானே' என்று ஓட்டக் கூடாது. அந்த 2 கி.மீ.யில் இன்ஜின் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். சில நூறு ரூபாய் கூலன்டில் முடிய வேண்டியது, பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

ஏசியை அணைத்து, ஹசார்ட் விளக்கு போட்டு, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவி வந்தால் அது நிற்கும் வரை பானெட்டைத் திறக்க வேண்டாம். இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், கையை விடாதீர்கள். மேலே பச்சைத்தண்ணி ஊற்றினால் சூடான உலோகம் விரிசல் விடும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும் காத்திருந்து, ஹோஸைத் தொட்டுப் பார்த்து ஆறியிருந்தால் மட்டும் மூடியைத் திறக்கலாம். கூலன்ட் இல்லையென்றால் அவசரத்துக்கு பாட்டில் தண்ணீர் ஊற்றி பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு முறையாக மாற்றிவிடுங்கள்.

டேங்க் நிறைய கூலன்ட் இருந்தும் சூடாகிறதா? ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இவற்றில் கோளாறு இருக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். யாருக்காவது வெந்துபோனால் மஞ்சள், பேஸ்ட் எதுவும் தடவாமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

"தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறிஞ்சிட்டா சூடே ஆகாது சார்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அது வேண்டாம். இன்ஜினுக்கு தேவையான சூடு வராமல் மைலேஜ் குறையும், சில இன்ஜின்களில் கூலன்ட் ஓட்டமே மாறி, சூடு அதிகமாகவும் செய்யும். பழுதாகியிருந்தால் புதுசு போடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியது இரண்டே விஷயம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்க் அளவைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஏசி போட்டுவிட்டு, முன்னால் போய் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். எங்கள் பெரியப்பா காரில் அன்றைக்கு அந்த ஃபேனும் ஓடவில்லை. அந்த ஜல்லி லாரி டிரைவர் அண்ணன்தான் அதையும் கண்டுபிடித்துச் சொன்னார். ஃபேன் ஃபியூஸ் போயிருந்தது.