சுவிஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தலப்படங்கள்

சுவிஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரிலிருந்து மேற்கே சுமார் 105 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. டேனா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்கள் 1938 வரை அங்கு இருந்தன. பாஸ்டன் பெருநகரின் குடிநீருக்காக அவை கலைக்கப்பட்டன. இன்று அந்த இடத்தில் இருப்பது குவாபின் நீர்த்தேக்கம். இந்த ஊர்கள் எங்கே, எப்படி இருந்தன என்பதற்கு நமக்குள்ள முதன்மையான சான்றுகளில் ஒன்று, 1880களில் அளக்கப்பட்ட தலப்படங்கள் ஆகும்.

இவற்றை ஆங்கில வழக்கில் டவுன் என்பார்கள். அது பெரிய நகரத்தைக் குறிப்பதன்று. பல சிற்றூர்களையும் பண்ணைகளையும் காட்டையும் சேர்த்து ஒரே ஊர்க்கூட்டத்தால் ஆளப்படும் பகுதி அது; நம் ஊராட்சியோடு ஒப்பிடலாம். கிரீன்விச் 1754இலும், டேனா 1801இலும், என்ஃபீல்டு 1816இலும், பிரெஸ்காட் 1822இலும் முறையாக அமைக்கப்பட்டன. மண் கல் நிறைந்தது. விளைச்சலோடு ஆற்று நீரால் ஓடிய சிறு ஆலைகளும், பனையோலைத் தொப்பி முடைதலும், குளிர்காலத்தில் குளங்களில் பனிக்கட்டி வெட்டி இரயிலில் அனுப்புவதும் மக்களின் பிழைப்பாக இருந்தன.

தலப்படத்திற்கு முன்

மாசச்சூசெட்ஸில் ஊர் வரைபடம் என்பது சட்டக் கடமையாகவே தொடங்கியது. 1794இலும் மீண்டும் 1830இலும் ஒவ்வோர் ஊரும் தன் எல்லையை அளந்து படம் வரைந்து மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும் என ஆணையிடப்பட்டது. ஊர்ப் படங்களை ஒட்டிப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எனவே மாநிலம் முழுவதும் முக்கோண அளவை நடத்தப்பட்டு, சைமியன் போர்டனின் வரைபடம் 1844இல் வெளியானது.

அதன்பின் தனியார் வரைபடங்கள் வந்தன. ஹென்றி வாலிங் 1850களில் மாவட்டம்தோறும் பெரிய சுவர் வரைபடங்களை வெளியிட்டார். எஃப். டபிள்யூ. பியர்ஸ் நிறுவனம் 1873இல் ஹாம்ப்சயர் மாவட்டத்திற்கு ஒரு நிலப்படத் தொகுதியை அச்சிட்டது. இவற்றில் ஒவ்வொரு வீட்டுப் புள்ளியின் அருகிலும் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். சந்தா கட்டி வாங்குவோரை நம்பி நடந்த தொழில் அது. தன் பெயரைப் படத்தில் பார்க்கும் ஆசை விற்பனைக்கு உதவியது. குடும்ப வரலாறு தேடுபவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது இவற்றைத்தான். ஆனால் மேடு எது, பள்ளம் எது என்று இவற்றிலிருந்து சரியாகத் தெரியாது.

1880களின் அளவை

ஐக்கிய அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 1879இல் நிறுவப்பட்டது. 1884இல் அது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தோடு செலவைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு செய்தது. இத்தகைய உடன்பாட்டுக்கு வந்த முதல் மாநிலம் இதுவே. ஹென்றி கேனட்டின் தலைமையில் நடந்த களப்பணி சில ஆண்டுகளிலேயே முடிந்தது. முன்பு சுவர் வரைபடம் விற்ற வாலிங்கும் தம் இறுதி ஆண்டுகளில் இந்த அளவையில் பணியாற்றினார்.

இத்தாள்களின் அளவுகோல் 1:62,500. அதாவது படத்தில் ஓர் அங்குலம் என்பது நிலத்தில் ஏறத்தாழ ஒரு மைல். ஒவ்வொரு தாளும் அட்சரேகையில் 15 கலை, தீர்க்கரேகையில் 15 கலை கொண்ட கட்டத்தைக் காட்டும். மூன்று நிறங்கள் மட்டுமே: நீர் நீலம், சமஉயரக் கோடுகள் பழுப்பு, மனிதர் உண்டாக்கிய சாலை, வீடு, எல்லை, பெயர் எல்லாம் கறுப்பு. காட்டைக் காட்டும் பச்சை இதில் இல்லை. சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 அடி.

பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பெல்சர்டவுன் என்ற தாளில் வருகிறது. என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் மூன்றும் அதில் உள்ளன. டேனாவின் மையத் திடலோ 72 பாகை 15 கலைக் கோட்டுக்குச் சற்றே கிழக்கில் இருப்பதால் பக்கத்துத் தாளான பாரேயில் விழுகிறது. இதனால் பள்ளத்தாக்கை முழுதாகக் காண இரண்டு தாள்களை ஒட்டித்தான் வைக்க வேண்டும். தாளின் விளிம்பு நேர்கோடு. ஊருக்கு அப்படியொரு விளிம்பு கிடையாது.

ஒட்டிய தாள்களைப் பார்த்தால் நிலத்தின் அமைப்பு உடனே புலப்படும். ஆற்றின் மூன்று கிளைகள் வடக்கிலிருந்து இறங்கி ஒன்றுசேர்கின்றன. மேற்குக் கிளைக்கும் நடுக் கிளைக்கும் இடையில் நீண்டு கிடப்பது பிரெஸ்காட் மேடு. பள்ளத்தின் அடியில் சாலைகளும், மக்கள் ‘முயல் ஓட்டம்’ என்று செல்லமாக அழைத்த இரயில் பாதையும் செல்கின்றன. அத்தால் நகரையும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரையும் இணைத்த அந்தப் பாதையில் அடிக்கடி வண்டி நின்று நின்று போனதால் அப்பெயர். சாலையோரம் சிறு கறுப்புச் சதுரங்களாக வீடுகள். ஆற்றங்கரையில் அவை நெருக்கமாகவும் பிரெஸ்காட் மேட்டில் தள்ளித் தள்ளியும் இருக்கின்றன. தொழில் எங்கே, வெறும் பண்ணை எங்கே என்பதற்கு வேறு புள்ளிவிவரம் தேவையில்லை.

இப்படங்களை அப்படியே நம்பவும் முடியாது. வேலை விரைவாகவும் சிக்கனமாகவும் நடந்தது. அளந்த புள்ளிகளுக்கு இடையிலுள்ள சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் கண்ணால் பார்த்து வரையப்பட்டவை. வீட்டுச் சதுரம் ஒரு வீட்டைக் குறிக்கும். அதில் யார் இருந்தார், ஆள் இருந்தாரா என்பதைச் சொல்லாது. ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த நிப்மக் மக்களின் சுவடு இடப்பெயர்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. குவாபின் என்பதே அவர்கள் சொல். நீர்வளம் மிக்க இடம் என்று பொருள் கூறுவர்.

அதே படம், வேறு கண்

மேலே சொன்ன நில அமைப்புதான் இந்த ஊர்களுக்கு வினையாயிற்று. சுற்றிலும் மேடு, நீர் வெளியேறத் தெற்கில் குறுகிய வழி. அணை கட்ட இதைவிட ஏற்ற இடம் அமைவது அரிது. பாஸ்டனின் குடிநீர்த் தேவை பெருகிக்கொண்டே போக, வாச்சூசெட் நீர்த்தேக்கமும் (1908) போதாமல் ஆனது. 1927இல் சுவிஃப்ட் ஆற்றுச் சட்டம் நிறைவேறியது. கீழ்ப்பாய்ச்சல் மாநிலமான கனெக்டிகட் வழக்குத் தொடுத்தது. 1931இல் உச்ச நீதிமன்றம் மாசச்சூசெட்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு ஆற்று நீரைப் பற்றியது, ஊர்களைப் பற்றியது அன்று.

பழைய தலப்படத்தில் எவரும் இன்று ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நீர்த்தேக்கம் நிரம்பிய நிலையில் அதன் மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 525 அடி. 1880களின் தாளில் 520 அடிச் சமஉயரக் கோட்டைப் பென்சிலால் தொடர்ந்து வரைந்தால், இன்றைய குவாபினின் கரை ஏறத்தாழ அப்படியே வந்துவிடும். கோட்டுக்கு உள்ளே என்ஃபீல்டின் வீதியும் கிரீன்விச்சின் குளங்களும் அகப்படும். பொமராய் போன்ற குன்றுகள் தீவுகளாகும். பிரெஸ்காட் மேடு மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த தீபகற்பமாகும். வீடுகளைக் குறித்த கையும் மேட்டுக்கோடுகளை வரைந்த கையும் ஒன்றே என்பது இந்த இடத்தில்தான் மனத்தைத் தைக்கிறது.

அரசு ஆணையம் ஒவ்வொரு சொத்தையும் அளந்து, ஒளிப்படம் எடுத்து, விலை பேசியது. இரயில் 1935இல் நின்றது. மரம் வெட்டுவதற்குப் பாஸ்டன் பக்கத்திலிருந்து அரசியல் சிபாரிசில் வேலையாட்கள் வந்தனர். கோடரி பிடித்துப் பழகாத அவர்களுக்கு உள்ளூர் மக்கள் ‘மரங்கொத்திகள்’ என்று பெயர் சூட்டினர். கல்லறைகளிலிருந்து 7,500க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டு, பெரும்பாலானவை வேர் என்ற ஊரில் அமைத்த புதிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. உயிரோடு வெளியேறியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர்.

1938 ஏப்ரல் 27 இரவு என்ஃபீல்டு ஊர்மன்றத்தில் பிரிவு நடனம் நடந்தது. நள்ளிரவு மணி அடித்து ஏப்ரல் 28 பிறந்தபோது நான்கு ஊர்களும் சட்டப்படி இல்லாமற்போயின. அவற்றின் நிலம் அண்டை ஊர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. பிரெஸ்காட்டின் பெரும்பகுதி நியூ சேலத்தோடு சேர்ந்ததால் மாவட்டமே மாறிப்போயிற்று.

2,640 அடி நீளமுள்ள வின்சர் அணைக்குப் பின்னால் 1939 ஆகஸ்டில் நீர் தேங்கத் தொடங்கி 1946இல் நிரம்பியது. பரப்பு சுமார் 101 சதுர கிலோமீட்டர். கொள்ளளவு 41,200 கோடி கேலன்.

பின் வந்த படங்கள்

பின்னர் வெளியான 7.5 கலைத் தாள்களில் குவாபின் நீர்த்தேக்கம், வின்சர் அணை என்ற தலைப்புகளே இருக்கின்றன. ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் நீலம். பல சாலைகள் கரைவரை வந்து நீரில் முடிகின்றன. பள்ளத்தாக்குச் சாலைகளுக்கு ஈடாக மேற்கே மேட்டில் போடப்பட்ட 202ஆம் எண் நெடுஞ்சாலை, 1786-87 உழவர் கிளர்ச்சியின் தலைவர் டேனியல் ஷேஸின் பெயரைத் தாங்குகிறது.

பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் எளிதில் தோன்றும்: நீருக்கடியில் வீடுகளும் தேவாலயக் கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன என்பது. அப்படி எதுவும் இல்லை. நீர் விடுவதற்கு முன்பே கட்டடங்கள் இடிக்கப்பட்டோ பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டோ போயின. தரைமட்டக் குழிகளும் கற்சுவர்களும் சாலைத் தடங்களுமே மிச்சம்.

புவியியல் அளவைத் துறை தன் பழைய தாள்களை மின்வருடி இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. பெல்சர்டவுன், பாரே தாள்களையும் தரவிறக்கிக் கொள்ளலாம். டேனாவின் மையத் திடல் நீர்மட்டத்துக்கு மேல் இருந்ததால் மூழ்கவில்லை. 2013இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பீட்டர்ஷாம் பக்கம் 40ஆம் எண் வாயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய சாலையில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தால் அத்திடலை அடையலாம். பாரே தாளில் கறுப்புச் சதுரங்கள் இருக்கும் இடங்களில் கல் அடுக்கிய நிலவறைக் குழிகள் இருக்கின்றன.