வி.பி.பி. முதல் ஸ்கேனர் அட்டை வரை

தொலைவில் இருப்பவருக்குக் கைவினைப் பொருளை விற்பவர் நெடுங்காலமாகச் சந்தித்துவரும் சிக்கல், பொருளை முதலில் அனுப்புவதா, பணத்தை முதலில் கேட்பதா என்பது. இந்தியாவில் இதற்கு ஒரு வழியைக் காட்டியது தபால் துறை. விற்பவருக்காகத் தபால் துறையே விலையை வசூலித்துத் தரும் வி.பி.பி. முறை 1877இலும் மணியார்டர் 1880இலும் தொடங்கின. வசூலிக்க வேண்டிய தொகையைப் பொட்டலத்தின் மேல் எழுதி, படிவத்தை நிரப்பித் தபால் நிலையத்தில் கொடுக்க வேண்டும். தபால்காரர் வாங்குபவரின் வாசலில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகே பொட்டலத்தைக் கொடுப்பார். அந்தத் தொகை மணியார்டராக விற்றவரிடம் வந்து சேரும். வாங்க மறுத்துவிட்டால் பொட்டலம் திரும்பி வரும். தபால் செலவு விற்றவர் தலையில் விழும். புடவைக்கும் புத்தகத்துக்கும் பொருந்திய இந்த ஏற்பாடு, வழியில் உடையக்கூடிய மண்பொம்மைக்கு ஏற்றதாக இல்லை.

தபால் வழியே விற்க முடியாதவர்களுக்கு நகரத்துக் கடைகளே வாசல். சென்னையில் 1850இல் ஓவியக் கைத்தொழில் பள்ளியும், 1887இல் விக்டோரியா டெக்னிகல் இன்ஸ்டிட்யூட்டும், 1935இல் கோ-ஆப்டெக்ஸும், 1973இல் பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் தொடங்கப்பட்டன. இத்தகைய நிறுவனங்கள் கைவினைக்கு மதிப்பையும் சந்தையையும் தந்தன. அவற்றுக்கு வெளியே, சிறு கடைகளில் பொருளை வைத்துவிட்டு, விற்ற பிறகு காசு வாங்கும் வழக்கமே மிகுதி. எது விற்றது, எது தங்கியது என்பது கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்குத்தான் தெரியும். செய்தவர் பேருந்தேறி வந்து கேட்டால்தான் பணம். கைவினைஞரின் வறுமைக்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்தக் காத்திருப்புக்கு உரிய இடம் தரப்பட்டதில்லை.

1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவியபோது, பல பெண்களின் கைக்கு முதன்முறையாக வங்கிப் பாஸ்புத்தகம் வந்தது. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளில் அவர்கள் வாங்குபவரை நேரில் கண்டு விற்றார்கள். ஆனால் கண்காட்சி சில நாளில் முடிந்துவிடும்.

கார்டு வழிப் பணம் இவர்களுக்கு எட்டாமலே இருந்தது. இயந்திரத்துக்கு வாடகை, ஒவ்வொரு விற்பனைக்கும் கழிவு என்று செலவு வரிசையாக நின்றது. ரிசர்வ் வங்கி 2012இல் டெபிட் கார்டுக்கான கழிவுக்கு உச்சவரம்பு வைத்த பிறகும், 2,000 ரூபாய் வரையிலான விற்பனைக்கு 0.75 விழுக்காடு வரை பிடிக்க முடிந்தது. இணையக் கடைகளும் கார்டை மட்டும் நம்பி வளரவில்லை. ஃபிளிப்கார்ட் 2010இல் ‘பொருள் வந்ததும் பணம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அது அடிப்படையில் பழைய வி.பி.பி.தான், மறுத்தால் பொட்டலம் திரும்புவதும் அப்படியே.

பெரிய மாற்றம் 2016இல் நேர்ந்தது. இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் ஏப்ரலில், கைபேசி வழியே ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு உடனே பணம் அனுப்பும் யுபிஐயை அறிமுகப்படுத்தியது. ஆகஸ்டில் வங்கிச் செயலிகள் வந்தன. நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994இல் கார் உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய கியூஆர் கட்டம், வளையல் கடைப் பலகையில் ஒட்டும் அட்டையானது. சென்னைக்காரர்கள் அதை ‘ஸ்கேனர்’ என்றே அழைக்கிறார்கள். அட்டைக்குள் இருப்பது விற்பவரின் பெயரும் யுபிஐ முகவரியும்தான். மின்சாரமோ இயந்திரமோ வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்குக் கழிவு இல்லை என்றானதும், முப்பது ரூபாய்க் காதணி விற்றவருக்கும் முழுத் தொகை கிடைத்தது.

இதே ஆண்டுகளில்தான் தென்சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தில் மக்கள் பெருமளவில் குடியமர்த்தப்பட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த இந்த ஊர், புனித தோமையார் மலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) இங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டு மாடி அடுக்குகளாகக் கட்டியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவரப்பட்டன. நகரின் நடுப்பகுதி 20 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. நடைபாதையிலும் தெருமுனையிலும் பழகிய வாடிக்கையாளருக்கு விற்று வந்தவருக்கு அந்த முகங்கள் இல்லாமல் போயின. தையலும் ஆரி வேலையும் பட்டுநூல் வளையலும் வீட்டுக்குள்ளிருந்தே செய்யக்கூடியவை. விற்கத்தான் வெளியே போக வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு, ‘ஜிபே பண்ணிடுங்க’ என்று சொல்லி, பணம் வந்த பிறகு கூரியரில் அனுப்பும் முறை தென்சென்னைப் புறநகரெங்கும் இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது. 2020 பொதுமுடக்கத்தில் கண்காட்சிகள் நின்றபோது அது இன்னும் வேகம் பிடித்தது. வி.பி.பி. காலத்துக்கு நேர்மாறாக, இப்போது முன்பணம் கொடுத்து நம்பிக் காத்திருப்பவர் வாங்குபவர்.

இந்த வழி எல்லாருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. யுபிஐ ஒரு கைபேசி எண்ணையும் அதனோடு இணைந்த வங்கிக் கணக்கையும் நம்பி இயங்குகிறது. வீடு மாறி, எண்ணும் மாறினால் இணைப்பு அறுந்துவிடும். தொடக்கத்தில் ஏடிஎம் அட்டை இல்லாதவரால், பணம் அனுப்பத் தேவையான ரகசியப் பின் (PIN) எண்ணை அமைக்க முடியவில்லை. ஆதார் வழியாக அமைக்கும் வசதி பின்னால்தான் வந்தது. வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் கணவர் பெயரில் என்றால், மனைவி கோத்த வளையலின் காசு கணவர் கணக்கில்தான் விழும். ரொக்கமாக வந்த காலத்தில் அது முதலில் அவள் கையில் இருந்தது. பணமில்லாப் பரிமாற்றத்தைப் பாராட்டும் எழுத்துகள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பெண்ணின் பெயரில் கணக்கும் எண்ணும் இருப்பதை உறுதி செய்யாமல் ஸ்கேனர் அட்டையை மட்டும் கொடுப்பது அரைகுறை உதவி.

2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம், தெரு வியாபாரிகளுக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் கடனும், டிஜிட்டல் முறையில் பணம் வாங்கினால் சிறு ஊக்கத்தொகையும் தந்தது. ஒரு நிறுவனத்தின் செயலியில் மட்டுமே ஓடும் கியூஆர் அட்டைகளை, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக மாற்ற ரிசர்வ் வங்கி 2022 மார்ச் வரை கெடு விதித்தது. அதன் பிறகு மேசையில் ஒரே அட்டை போதும் என்றானது.

மோசடியும் கூடவே வளர்ந்தது. பணம் அனுப்பியதாகப் போலித் திரைப்பிடிப்பைக் காட்டிவிட்டுப் பொருளோடு நடப்பவர்களுக்கு எதிராகத்தான், வந்த தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி சிறு கடைகளுக்கு வந்தது. வீட்டிலிருந்து விற்பவரிடம் பெரும்பாலும் அந்தப் பெட்டி இல்லை. குறுஞ்செய்தியைப் பார்த்து, வங்கி இருப்பையும் சரிபார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்’ என்று ஏமாற்றுவது இன்னொரு வகை. பணம் பெற, பின் எண் தேவையே இல்லை. இந்த ஏமாற்றுக்கு வழிவிட்ட, தனிநபர்களுக்கிடையே பணம் கேட்கும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது.