கொங்காணியும் குடையும்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர் ஒதுங்கும் இடம். பெயரிலேயே நிழலைப் பொதிந்து வைத்திருக்கும் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். முற்காலத்து மக்கள் மழையில் எதைப் போர்த்திக்கொண்டு போனார்கள்? வீடு திரும்பியதும் அதை எங்கே வைத்தார்கள்? அற்பமான கேள்விதான். ஆனால், மன்னர்களின் வெண்கொற்றக் குடையைப் போற்றிய சரித்திரம் குடியானவனின் மழைப் போர்வையை மறந்துவிட்டதே!

கரிசல் பூமியின் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது. இரண்டு மாதத்துக்கு வேண்டியதைப் பத்து மாதம் பழுதில்லாமல் காக்க வேண்டும். அந்தக் கலையில் தேர்ந்தவர்கள் வீட்டுப் பெண்கள். கம்பளியை வெயிலில் உலர்த்தி, மடிப்புக்குள் வசம்போ காய்ந்த வேப்பிலையோ வைத்துப் பெட்டியில் அடுக்குவார்கள், அந்துப்பூச்சி அண்டாது. ஓலைக்குடை அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கும், பூச்சி அரிக்காது.

உழவனுக்கு வாய்த்தது கொங்காணி. முன்பு அது ஓலையால் ஆனது. 1855-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தோன்றியது. சணல் தொழில் பெருகப் பெருகக் கோணிச் சாக்கு கிராமந்தோறும் வந்து சேர்ந்தது. சாக்கின் அடிமூலை ஒன்றை மற்றொன்றுக்குள் செருகினால் தலையையும் முதுகையும் மூடும் கொங்காணி தயார்! மழை நின்றால் உதறிக் காயப்போடுவார்கள். அறுவடை வந்தால் அதிலேயே தானியம் நிரம்பும். அதற்கென்று பெட்டியும் வேண்டாம், பரணும் வேண்டாம்.

ஸ்காட்லாந்துக்காரரான மாக்கிண்டாஷ் ரப்பர் பூசிய மழைத்துணிக்கு 1823-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். நம் உழவனுக்கு அது எட்டவில்லை. 1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிதீன்தான், பல ஆண்டுகள் கழித்து, உரச்சாக்கின் உருவில் அவன் தலைக்கு வந்து சேர்ந்தது.

எதை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்பதும் விளங்கிவிடுகிறது. துணிக்குடை வந்த பிறகு அது கூடத்து ஆணியில் தொங்கியது. அது குடும்பத் தலைவருக்கு. கம்பளி பெட்டியில் இருந்தது, அது பெரியவருக்கு. சாக்கு தொழுவத்தில் கிடந்தது, அது உழுகிறவனுக்கு. அத்தனையையும் உலர்த்தி, மடித்து, காத்துக் கொடுத்தவளுக்கு? முந்தானை!

அதெல்லாம் பழங்கதை என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற ஐப்பசியில் என் மனைவி அலமாரியைத் திறந்து மழைக்கோட்டுகளை எடுத்து வைத்தாள். பிள்ளைகளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

"உன்னுடையது எங்கே?" என்று கேட்டேன்.

"எனக்கு எதற்கு? கடைக்குப் போனால் உங்கள் பழைய குடை இருக்கிறதே!" என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கடைவீதிக்குப் போய் நான்காவது கோட்டு ஒன்று வாங்கி வந்தேன். அலமாரியில் இடம் போதவில்லை. என் கோட்டை எடுத்து வாசல் ஆணியில் மாட்டினேன்.